ஆகு, ஆக்கு, ஆக்கி

மைசூரு அரண்மனையைக் கட்டியது யார்? தேவராஜ மொஹல்லாவில் நின்று கேட்டால் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். உடையார் குடும்பம் கட்டியது என்பார்கள் பலர். ஹென்றி இர்வின் கட்டினார் என்பார்கள், பழைய கட்டடங்களின் வரலாறு அறிந்தவர்கள். இரண்டும் சரிதான். 1897இல் மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையானது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜர் அப்போது சிறுவர். அவர் சார்பில் ஆட்சி நடத்திய தாயார் கெம்பநஞ்சம்மண்ணி புதிய அரண்மனையைக் கட்டச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தின் வடிவமைப்பில் பங்காற்றிய இர்வின் அதற்கு வரைபடம் தந்து கட்டினார். 1912இல் வேலை முடிந்தது.

கன்னடம் இந்த இருவரையும் ஒரே எழுத்தில் பிரித்துவிடுகிறது. கட்டடக் கலைஞர் ‘கட்டிதரு’, அரசி ‘கட்டிஸிதரு’. தமிழிலும் அதே கணக்கு: ஒருவர் கட்டினார், இன்னொருவர் கட்டுவித்தார். செய்தவரையும் செய்வித்தவரையும் வினைச்சொல்லிலேயே பிரித்துக் காட்டுவது நம் மொழிகளின் பழைய வழக்கம்.

இந்த வழக்கத்தை நான் இங்கே நினைவுபடுத்துவது ஒரு கணினிச் சொல்லுக்காக. மைசூரின் ஹெப்பாளில் இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் இருக்கிறது. 2009இல் அதன் இரண்டாம் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. கல்லூரி முடித்த தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே வந்து தங்கி நிரல் எழுதப் பழகுகிறார்கள். பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கிற எவரையும் முதல் சில வாரங்களிலேயே சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘கன்ஸ்ட்ரக்டர் எத்தனை வகை?’ டிபால்ட், பாராமீட்டரைஸ்டு, காப்பி என்று மூன்று பெயர்களை ஒப்பிப்பார்கள். தமிழ்வழியில் மேல்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்கு இதே சங்கதி வேறு பெயரில் அறிமுகமாகியிருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல் அதை ‘ஆக்கி’ என்கிறது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் சி++ மொழியைக் கொண்டும், 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானைக் கொண்டும் ஆக்கியைக் கற்பிக்கின்றன.

அந்தச் சொல்லை மாணவர்கள் பரீட்சையோடு விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்தான் உண்மையான பெயர், தமிழ்ச் சொல் அதன் நிழல் என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது. நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஆங்கிலப் பெயர் எங்கே தடுமாறுகிறதோ அங்கே தமிழ்ப் பெயர் தெளிவாக நிற்கிறது. இரண்டு பெயர்களின் வரலாற்றையும் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பெயருக்கு முன்னே பொருள்

முதலில் பொருள். மைசூரின் தேவராஜ மார்க்கெட்டில் உள்ள கடைகளைப் பற்றி ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘கடை’ என்று ஓர் இனக்குழுவை (கிளாஸ்) வரையறுக்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெயர், ஒரு சரக்கு, ஒரு விலைப்பட்டியல். பூக்கடை, வாழைப்பழக்கடை, குங்குமக்கடை ஆகியவை அந்த இனக்குழுவின் பொருள்கள் (ஆப்ஜெக்ட்). புதிதாக ஒரு கடைப் பொருள் உருவாகும்போது அதன் பெயர், சரக்கு, பட்டியல் ஆகியவற்றுக்குத் தொடக்க மதிப்புகளைத் தந்து அதைப் பயன்பாட்டுக்கு உரியதாக்கும் செயற்கூறுதான் கன்ஸ்ட்ரக்டர். ஜாவா மொழி தமிழ் எழுத்துகளில் பெயர் வைக்க இடம் தருவதால், அங்கே இனக்குழுவுக்குக் ‘கடை’ என்றே பெயரிடலாம். அப்படிப் பெயரிட்டால் அதன் ஆக்கிக்கும் ‘கடை’ என்றே பெயர்.

இந்த வேலைக்குத் தொடக்கத்தில் தனிப் பெயரே இல்லை. 1960களில் ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் இருவரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். இனக்குழு, பொருள் ஆகிய கருத்துகள் சிமுலா 67இல் முழு வடிவம் பெற்றன. அதில் ஒரு பொருள் பிறக்கும்போது இனக்குழுவின் உடலில் எழுதப்பட்ட கட்டளைகளே ஓடும். பொருளைத் தயார்செய்ய வேறு செயற்கூறு தேவைப்படவில்லை.

‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல் இன்னொரு வழியில் வந்துகொண்டிருந்தது. ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் மொழியில் இரண்டு மதிப்புகளைச் சேர்த்து இணை ஒன்றை அமைக்கும் செயற்கூறுக்குக் ‘கன்ஸ்’ என்று பெயர். அது ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்பதன் சுருக்கம். 1964இல் பீட்டர் லாண்டின் எழுதிய ஆய்வுரையில், கூட்டுத் தரவை அமைக்கும் செயற்கூறுகளுக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்ற பெயர் முழுமையாகவே வந்துவிட்டது. லத்தீனில் ‘ஸ்ட்ருவெரே’ என்றால் அடுக்குதல், குவித்தல். ‘கான்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ஒன்றுசேர அடுக்குதல். லிஸ்ப்பின் வேலைக்கு இது மிகப் பொருத்தம். அங்கே உண்மையாகவே துண்டுகள் சேர்க்கப்படுகின்றன.

1979இல் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் சி மொழியோடு சிமுலாவின் இனக்குழுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். அந்த மொழிக்கு ‘சி வித் கிளாசஸ்’ என்று பெயர். பொருளைத் தயார்செய்யும் செயற்கூறுக்கு அதில் அவர் வைத்த பெயர் ‘நியூ’. பொருளின் முடிவில் ஓடும் செயற்கூறுக்கு ‘டெலீட்’. 1983இல் மொழிக்குச் சி++ என்ற பெயர் வந்தது. அந்த மாற்றத்தின்போது ‘நியூ’ என்ற செயற்கூறுப் பெயர் போய், இனக்குழுவின் பெயரே அதன் கன்ஸ்ட்ரக்டருக்கும் பெயரானது. நியூ என்பது நினைவகம் கேட்டுப் பொருளை உருவாக்கச் சொல்லும் கட்டளையாக மட்டும் நின்றது.

1995இல் வந்த ஜாவாவும் அதே விதியை எடுத்துக்கொண்டது. பிஎச்பி முதலில் இனக்குழுவின் பெயரைத்தான் வைத்தது. 2004இல் அதன் ஐந்தாம் பதிப்பு ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்ற தனிப் பெயருக்கு மாறியது. 2020இல் எட்டாம் பதிப்பு பழைய வழக்கத்தை அடியோடு விட்டது. 2015இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இனக்குழு எழுதும் முறை வந்தபோது ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல்லே செயற்கூறின் பெயராக அமைந்தது.

வேறொரு கூட்டம் இந்தப் பெயரை ஏற்கவில்லை. ரூபியில் அது ‘இனிஷியலைஸ்’. ஆப்ஜெக்டிவ் சியிலும் ஸ்விப்டிலும் பைத்தானிலும் ‘இனிட்’. இவை யாவும் ‘தொடங்கிவை’ என்றே சொல்கின்றன. கட்டுதல் என்ற கருத்து இவற்றில் இல்லை. பைத்தான் இன்னும் ஒரு படி போய், பொருளைப் பிறப்பிக்க ‘நியூ’ என்றும் பிறந்ததற்கு மதிப்பு ஏற்ற ‘இனிட்’ என்றும் இரண்டு செயற்கூறுகள் வைத்திருக்கிறது.

இந்தப் பிளவுக்குக் காரணம் இருக்கிறது. சி++இலும் ஜாவாவிலும் கன்ஸ்ட்ரக்டர் ஓடத் தொடங்கும்போதே பொருளுக்கான நினைவக இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். கன்ஸ்ட்ரக்டர் தன் பொருளுக்கான இடத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற வெற்று இடத்தை ஒரு கடையாக, ஒரு கணக்காக மாற்றுகிறது. கட்டுபவன் என்ற பெயரைக் கேட்டு, நினைவகம் ஒதுக்குவதும் அவனே என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தொடங்கிவைப்பவன் என்றால், ஏற்கெனவே ஒரு பொருள் முழுதாக நின்றுகொண்டிருக்கிறது, இது விளக்கு ஏற்றிவைப்பது மட்டும் என்று தோன்றுகிறது. ஒரு பெயர் மிகையாகச் சொல்கிறது. மற்றது குறைத்துச் சொல்கிறது.

மண் குடமாகும் இலக்கணம்

இனி ஆக்கி. இதன் வேர் ‘ஆகு’. ஆகு என்பது தன்வினை: ஒன்று இன்னொன்றாக மாறுகிறது. நடுவில் ஒற்று இரட்டித்தால் ‘ஆக்கு’, அது பிறவினை. நீங்கு, நீக்கு, அடங்கு, அடக்கு, தேறு, தேற்று என்று வல்லினம் மிக்குத் தன்வினை பிறவினையாவது தமிழின் இயல்பான ஓட்டம். ஆக்கு என்பதோடு ‘இ’ சேர்ந்தால் ஆக்கி. துருவுவது துருவி, விசிறுவது விசிறி, மூடுவது மூடி. சென்ற நூற்றாண்டில் வந்த தொலைநோக்கி, ஒலிபெருக்கி ஆகியவையும் இதே அச்சில் வார்த்தவை. இந்த ‘இ’ பெரும்பாலும் கருவியைக் குறிக்கும். ஆளைக் குறிக்க வேண்டுமானால் ஆக்குநர், ஆக்கியோன் என்போம். நிரலில் இந்த வேலையைச் செய்வது ஒரு செயற்கூறு, ஆள் அல்ல. ஆகவே ஆக்கியின் ‘இ’ ஈறு மிகச் சரி.

தமிழகத்து அடுப்படிகளில் ஆக்கு என்ற வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘சோறு ஆக்கியாச்சா?’ என்று கேட்பவர், அரிசி சோறாக மாறிவிட்டதா என்றுதான் கேட்கிறார். சோறு ஆக்குகிறவர் அரிசியைப் படைப்பதில்லை. இருக்கிற அரிசியை உண்ணத் தக்கதாக மாற்றுகிறார்.

இந்த நுட்பத்தைத் தொல்காப்பியம் ஓர் இலக்கண விதியாகவே வைத்திருக்கிறது. அதன் கிளவியாக்க இயலில் அடுத்தடுத்து வரும் இரண்டு நூற்பாக்கள் இதைப் பேசுகின்றன. இயற்கைப் பொருளை ‘இத்தன்மையது’ என்று நேரே சொல்ல வேண்டும்: நிலம் வலிது, தீ வெய்து. செயற்கைப் பொருளை ஆக்கச் சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மண் குடம் ஆயிற்று. அந்த ஆக்கமும் காரணத்தோடு வருவது முறை என்று நூல் மேலும் சொல்கிறது. உரையாசிரியர்கள் பயிரை எடுத்துக்காட்டுகிறார்கள். எருவிட்டு, களை பறித்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று. முன்னே காரணம், பின்னே ஆயிற்று.

நினைவகத்தின் வெற்று இடம் மண். கடைப் பொருள் குடம். இடையே நடப்பது ஆக்கம். அந்த ஆக்கத்தின் காரணத்துக்குப் பெயர் ஆக்கி. ‘அடுக்கு’ என்ற கருத்திலிருந்து பிறந்த லத்தீன் சொல் சுற்றிவளைத்துச் சொல்லும் ஒன்றை, ‘மாறு’ என்ற கருத்திலிருந்து பிறந்த தமிழ்ச் சொல் நேராகச் சொல்கிறது. மிகையும் இல்லை, குறையும் இல்லை.

ஏவியவரும் இயற்றியவரும்

அப்படியானால் நினைவகம் கேட்டு, ஆக்கியை அழைப்பது எது? அதற்கும் நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. நன்னூலின் மூன்றாம் வேற்றுமைக்கு விளக்கம் சொல்பவர்கள் கருத்தாவை இரண்டாகப் பிரிப்பார்கள்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவியவன். தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றியவன். வேற்றுமை உருபு ஒன்று, கருத்தா இருவர்.

நன்னூல் பிறந்த கதையே இதற்குச் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கங்கர் மரபினனான சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் அதை எழுதினார். கங்கர்கள் நெடுங்காலம் தலைநகராகக் கொண்டிருந்த தலக்காடு மைசூருக்கு அருகே, காவிரிக் கரையில் இருக்கிறது. சீயகங்கன் ஏவினான், பவணந்தி இயற்றினார். அந்த நூலின் பாயிரப் பகுதி, நூலாசிரியரைக் குறிக்க எடுத்தாளும் சொல் ‘ஆக்கியோன்’.

1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு இதை இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது. தான் செய்ததைச் சொல்ல இராஜராஜன் அங்கே பயன்படுத்தும் வினை ‘எடுப்பிச்ச’ என்பது. எடுத்த என்று மன்னன் சொல்லவில்லை; எடுக்கச் செய்த என்றே சொல்கிறான். எடுத்தவரின் பெயரும் அதே கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது: குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். தச்சனுக்கு மன்னனின் பெயரே பட்டமாகச் சேர்ந்திருக்கிறது.

நிரலில் ‘நியூ’ என்று எழுதுகிற வரி எடுப்பிக்கும் வரி. அது இடம் கேட்டு வாங்கி, வேலையை ஏவுகிறது. ஆக்கி இயற்றுகிறது. சி++இலும் ஜாவாவிலும், பெருந்தச்சனைப் போல, ஆக்கி தன் இனக்குழுவின் பெயரைத் தாங்குகிறது. நினைவகம் ஒதுக்குவது ஒன்று, ஆக்குவது இன்னொன்று என்பதை விளங்கவைக்க, தமிழ் படித்த மாணவருக்கு ஏவுதலும் இயற்றுதலும் போதும்.

வகைகளின் பெயர்கள்

முதல் வகை ‘டிபால்ட்’. பழைய பிரெஞ்சில் இது குறை, இன்மை என்று பொருள்பட்டது. ஆங்கிலத்தில் கடன் தவணை தவறினாலும் டிபால்ட்தான். ஒன்று தரப்படாதபோது அதனிடத்தில் நிற்பது என்ற கணினிப் பொருள் அதிலிருந்து கிளைத்தது. தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன: தானமைவு, கொடாநிலை. எது சரி என்று வாதிடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி++ விதிப்படி, எந்த மதிப்பும் கொடுக்காமல் அழைக்கக்கூடிய எந்த ஆக்கியும் டிபால்ட் ஆக்கிதான்; அதை நிரலர் எழுதினாலும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) தந்தாலும் ஒன்றே. ஜாவாவின் விதிநூலிலோ, நிரலர் ஓர் ஆக்கியும் எழுதாத இனக்குழுவுக்கு நிரல்பெயர்ப்பி தானாகச் சேர்ப்பது மட்டுமே டிபால்ட் ஆக்கி. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக் குழப்புகிறது. தமிழில் இரண்டு பெயர்கள் இருப்பதைக் குறையாகப் பார்க்கிறார்கள், அது கையிருப்பு. எதுவும் கொடாமல் அழைப்பது கொடாநிலை ஆக்கி, தானாக அமைவது தானமைவு ஆக்கி என்று பிரித்து வழங்கலாம்.

இந்தப் பிரிவு பாடத்துக்கு நேரே உதவும். கடை இனக்குழுவுக்குப் பெயரையும் சரக்கையும் வாங்கிக்கொள்ளும் ஆக்கி ஒன்றை மாணவர் எழுதுகிறார். பிறகு எதுவும் கொடாமல் ஒரு கடையை உருவாக்கப் பார்க்கிறார். நிரல்பெயர்ப்பி பிழை காட்டுகிறது. நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று திகைக்கிறார். நடந்தது இதுதான்: நிரலர் ஓர் ஆக்கியை எழுதிய கணமே தானமைவு ஆக்கி விலகிக்கொள்கிறது. கொடாநிலை ஆக்கி வேண்டுமானால் இனி அவரே எழுத வேண்டும்.

இரண்டாம் வகை அளபுருக்களை ஏற்கும் ஆக்கி. ‘பாராமீட்டர்’ கிரேக்கத்தின் அளவுச் சொல்லிலிருந்து வந்தது. அளபுருவும் அப்படியே, அளபெடை என்பதில் உள்ள அதே அளபு, உரு என்பதோடு சேர்ந்திருக்கிறது. இங்கே இரண்டு பெயர்களும் ஒத்துப்போகின்றன, மேலே போகலாம்.

மூன்றாம் வகை நகல் ஆக்கி. ஒரு பொருளைப் பார்த்து அதைப் போலவே இன்னொன்றை ஆக்குவது. இது சி++ பாடத்தின் வகை. ஜாவாவில் மொழியே தரும் நகல் ஆக்கி கிடையாது, வேண்டுமானால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நகல் ஆக்கி தனக்கு வரும் மூலப் பொருளை மதிப்பாக வாங்கக் கூடாது. மூலத்தையே சுட்டும் குறிப்பாக வாங்க வேண்டும். மதிப்பாக வாங்கினால், வாங்குவதற்கே ஒரு நகல் தேவைப்படும். அந்த நகலுக்கு மறுபடி நகல் ஆக்கியை அழைக்க வேண்டும். அது முடியவே முடியாது. ஆகவே சி++ அதைத் தடுத்துவிடுகிறது.

நாம் எழுதாவிட்டால் சி++ தானே ஒரு நகல் ஆக்கியைத் தரும். அது ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் படியெடுக்கும். விலைப்பட்டியல் நினைவகத்தில் வேறோர் இடத்தில் இருந்து, கடை அதன் முகவரியை மட்டும் சுட்டு மாறியில் (பாயின்ட்டர்) வைத்திருந்தால், முகவரிதான் நகலாகும், பட்டியல் நகலாகாது. இரண்டு கடைகள், ஒரே பட்டியல். ஒரு கடை முடிவுக்கு வரும்போது ஓடும் செயற்கூறான அழிப்பி, பட்டியலின் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மற்றக் கடை, இல்லாத பட்டியலைச் சுட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்கவே பட்டியலையும் சேர்த்துப் படியெடுக்கும் நகல் ஆக்கியை நிரலர் எழுதுகிறார்.

‘நகல்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்த சொல். அதன் இணையான ‘அசல்’ என்பதும் அப்படியே. தேவராஜ மொஹல்லாவின் மொஹல்லாவும் அரபிதான். வந்து இறங்கித் தங்கும் இடம் என்பது அதன் அடிப்பொருள். அரபியில் ‘நக்ல்’ என்றால் படியெடுத்தல் மட்டும் அல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோதலும் அதே சொல். தமிழுக்கு வந்தபோது முதல் பொருள் மட்டும் நிலைத்தது. 2011ஆம் ஆண்டுச் சி++ தரம் ‘மூவ்’ என்ற புதிய ஆக்கியைச் சேர்த்தது. இது மூலப் பொருளின் பட்டியலைப் படியெடுப்பதில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு மூலத்தை வெறுமையாக விடுகிறது. இனி அழியப்போகும் பொருளிலிருந்து பெரிய பட்டியலை நகலெடுப்பது வீண்வேலை என்பதால் வந்த ஏற்பாடு. அரபிச் சொல்லுக்குள் சேர்ந்திருந்த இரண்டு செயல்களைச் சி++ இரண்டு ஆக்கிகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. தமிழில் இதற்கு ‘பெயர்ப்பு ஆக்கி’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. பெயர்த்து எடுத்து வேறிடத்தில் வைப்பது என்ற பொருளை அது உடனே தருகிறது.

ஆக்கி என்ற சொல்லுக்கு ஒரு சிக்கலும் உண்டு. பெயராகவும் வினையெச்சமாகவும் ஒரே வடிவம். ‘பொருளை ஆக்கி அழைக்கும்’ என்றால் ஆக்கிவிட்டு அழைக்கும் என்றும் படிக்கலாம், ஆக்கியானது அழைக்கும் என்றும் படிக்கலாம். பாடநூல் எழுதுபவர்கள் ஆக்கியை, ஆக்கிக்கு, ஆக்கியின் என்று உருபோடு எழுதினாலே இந்த மயக்கம் தீர்ந்துவிடும். தமிழை எழுதத் தெரிந்தவர் கையில் இது பெரிய தடை அல்ல.

கலைச்சொல் செய்பவர்கள் இன்னும் ஒன்றைச் செய்ய வேண்டும். பெயரைத் தருவதோடு நிறுத்தாமல், அந்தப் பெயரின் வினையையும் வகுப்பறைக்குக் கொடுக்க வேண்டும். ஆக்கி என்று மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு அது இன்னொரு சுமை. இடம் ஒதுக்கப்பட்டது, ஆக்கி ஓடியது, கடை ஆயிற்று என்று சொல்லிக் கற்பவருக்கு அது விளக்கம். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் கீழ்த் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் அறிவுத்துறை நூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருகிறது. அத்தகைய முயற்சிகளில் ஆகு, ஆக்கு, ஆக்கி மூன்றும் சேர்ந்தே பக்கத்தில் நிற்க வேண்டும். மண் குடம் ஆயிற்று என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு, கன்ஸ்ட்ரக்டர் எத்தனை வகை என்று ஒப்பிக்கத் தேவை இராது. ஒவ்வொரு வகையும் எதிலிருந்து எதை ஆக்குகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.